சரணுக்கு ஒன்பது நாள்

— படத்துல சின்னப் பொண்ணா கீதே அண்ணாத்தே! கையில கத்தி வேற. இந்தம்மாவா என் தம்பிக்குக் கொணமாக்கும்?

— புனித டிம்ப்னான்னு பேரு, டில்லிபாபு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க. செத்தப்ப பதினஞ்சு வயசுதான்.

— இன்னா ஆச்சு?

— அயர்லாந்துல ராஜா பொண்ணு. அம்மா செத்ததும் அப்பனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பொண்டாட்டி ஜாடையில இருக்குன்னு பெத்த பொண்ணையே கட்டிக்கிறேன்னு நின்னான். பயந்து கடல் தாண்டி ஓடிச்சு. பெல்ஜியத்துல ஒரு ஊர்ல தேடிப் புடிச்சு வெட்டிட்டான். அதான் படத்துல கத்தி.

— அடப்பாவி! பெத்தவனேவா?

— அதுலேர்ந்து புத்தி சரியில்லாதவங்கள அந்த ஊருக்குக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க. கோயிலை ஒட்டுன ரூம்ல ஒம்பது நாள் தங்க வெப்பாங்க.

— ஆங், அந்த ஒம்பது நாள்தான்! இந்தக் காட்டுப்பாக்கம் கோயில்லயும் ரூம் கீது, கோயிலைப் பாத்துக்கிற அமல்ராஜை, உன்னைத்தான், புடின்னு எங்க கம்பெனி வாட்ச்மேன் ஏகாம்பரம் சொன்னாரு. நாங்க இந்து. பரவால்லியா?

— அதெல்லாம் அந்தம்மா கேக்க மாட்டாங்க. மாத்திரை குடுக்கிறியா?

— ஆஸ்பத்திரில குட்த்தத குடுக்குறேன். நான் அந்தாண்ட போனதும் துப்பிடுறான். ரெண்டு தபா கேஸைத் தொறந்து வுட்டுட்டான் அண்ணாத்தே. ஊட்ல ஏழு மாசக் கொயந்த. என் பொண்டாட்டி விஜி கொயந்தையத் தூக்கினு நூம்பல்ல அவங்கம்மா ஊட்டுக்குப் போய்ட்டா. சரண் கீற ஊட்ல காலு வெக்க மாட்டாளாம். அவளையும் தப்பு சொல்ல முடியல. ஷிப்ட்டுக்குப் போசொல்ல இவனை உள்ள வெச்சுப் பூட்டினு போறேன். நாளெல்லாம் கதவைத் தட்டினே கீறானாம். ஊட்டு ஓனரு காலி பண்ணச் சொல்ட்டாரு. நான் இன்னாதான் பண்றது?

— அண்ணா, டீ குட்ச்சிட்டு ஊட்டுக்குப் போலாமா?

— இர்றா சரணு. அந்தக் கொய்யா மரத்து நெழல்ல குந்து. தோ வரேன்.

— உன்னை அண்ணான்னு கூப்புட மறக்கல பாரு.

— அதான் அண்ணாத்தே என்னைக் கொல்லுது. சரி, ஒம்பது நாள்ல கொணமாகாதவங்கள அந்தூர்ல இன்னா பண்ணாங்க?

— ஊர்க்காரங்க அவங்கவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கூட உக்கார வெச்சு சோறு போட்டாங்க. வயல் வேலைக்குச் சேத்துக்கிட்டாங்க. சில பேரு சாகுற வரைக்கும் அந்த வீட்லயே இருந்தாங்க. இன்னிக்கும் அங்க அப்படி வெச்சிருக்காங்க. அந்தம்மா செஞ்ச பெரிய அற்புதம் அதான்னு எனக்குத் தோணும்.

— யாரோ பெத்த புள்ளையவா?

— யாரோ பெத்த புள்ளைய.

— இங்க அந்த மாரி யார்னா கீறாங்களா?

— வருஷா வருஷம் திருநாள் பூசையில சாமியார் கேக்குறாரு. எல்லாரும் மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறாங்க. வீட்டுக்கு வான்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

— நீயே சொல்லு, நான் கெட்டவனா?

— இல்லப்பா. உனக்கு வேற வழி தெரியல.

— ஒம்பது நாள் இங்க இருக்கட்டும். என் கொயந்த மேல சத்தியமா, பத்தாம் நாள் காலீல வந்து இட்டுனு போய்டுறேன். அவனாண்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.

— சொல்லு. ஒம்பது நாள்னு மட்டும் சொல்லாத.

— ஏன் அண்ணாத்தே?

— எண்ணிக்கிட்டே இருப்பான். என்னை இங்க கொண்டாந்து விட்டப்ப எங்க அண்ணனும் ஒம்பது நாள்னுதான் சொல்லிட்டுப் போனாரு. அந்தக் கொய்யா அப்ப என் முட்டி ஒசரம்.