தாமதமாக வந்த ரத்தப் பரிசோதனை முடிவு

“அண்ணன் ரத்தம் இன்னும் அவங்க ஃபிரிட்ஜ்ல இருக்குதாம், அண்ணி.”

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம்பெண் ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து எட்டு மாதம் ஆகிறது என்பது பேச்சில் தெரிந்தது.

“எந்த ரத்தம்?”

“ஃபேக்டரிக்கு வந்து ரிசர்ச்சுக்குன்னு எடுத்தாங்களே, அது. அண்ணனுக்கு இருந்தது வேற மாதிரி சுகராம். இன்சுலின் சுரக்கிற எடத்தை உடம்பே அழிச்சிடுமாம். மாத்திரை கேக்காதாம், ஊசிதான் போடணுமாம்.”

“ஊசியா? ஒல்லியாயிட்டே போறாரேன்னு கேட்டதுக்கு, வாயைக் கட்ட வையின்னு டாக்டர் என்னையில்ல திட்டினாரு. சோறு கேட்ட மனுஷனுக்கு ராகி முத்தெக் களியைப் போட்டேன். ஸ்வீட் ஒளிச்சு வெச்சிருக்காரான்னு சட்டைப் பையைத் தடவிப் பாத்தேன்டி.”

“விடுங்க அண்ணி.”

“எப்படி விடறது? போன வருஷம் தசராவுக்கு முன்ன ரத்தம் எடுத்தாங்க. பங்குனி வரைக்கும் உசுரோட இருந்தாரே!”

“அண்ணனை மறுபடி வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க.”

“பட்டினியாத்தான் போயிருக்காருன்னு பதில் எழுது.”

நான் ஓய்வு பெறும்வரை அப்படி ஓர் ஆய்வுக்கூடத்துக்குத்தான் தலைவனாக இருந்தேன். கட்டுரை அச்சாகும்வரை முடிவுகளை வெளியே அனுப்பக்கூடாது என்று உத்தரவு போட்டவன் நான். கட்டுரை வந்த பிறகு ரத்தம் கொடுத்தவர்களை நாங்கள் மறந்துவிட்டோம். என் காலத்தில் இப்படி ஒரு கடிதம்கூடப் போகவில்லை.