மூன்றாவது முயற்சி

இரவு மணி இரண்டரை. ஊரைத் தாண்டிய புறவழிச்சாலை... இரண்டு பக்கமும் வேலி போட்ட காலி மனைகள். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குதான் இல்லை. அந்தச் சாலையில் தனியாக ஒரு சின்னக் கார். ஓட்டியவர் என் நண்பனின் அண்ணி. நண்பன் அளப்பான், அண்ணி அளக்க மாட்டார். அதனால் அவர் வாயாலேயே கேட்டு வந்ததைச் சொல்கிறேன். போர்வைக்கு அடிபிடி வேண்டாம், நெருங்கி உட்காருங்கள்.

அண்ணியின் வேலை நகல் எடுப்பது. ஜெராக்ஸ் இல்லை, சிரிக்காதீர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் கணினிகள் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு குளிர் அறையில், பத்து சர்வர்களுக்குள் குடியிருக்கின்றன. உடம்பே இல்லாத கணினிகள், விர்ச்சுவல் என்பார்கள். பத்து சர்வரும் சேர்ந்து ஒரே ஆளாக உழைக்கும். அந்தக் கூட்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர். தினமும் இரவு பத்து நாற்பதுக்கு ஒரு பேக்கப் மென்பொருள், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அந்தக் கிளஸ்டருக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அண்ணி.

அன்றைக்கு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி லேபிலிருந்து போன்.

"மேடம், ரிசல்ட் ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. டிஸ்க் போயிடுச்சுங்கறாங்க. காலைல ஏழு மணிக்கு ஆபரேஷன் லிஸ்ட்ல எட்டுப் பேர் இருக்காங்க. காப்பி இருக்குல்ல?"

"இருக்கு, பயப்படாதீங்க. ராத்திரி பத்து நாப்பது வரைக்கும் எல்லாம் இருக்கு."

சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பாதி வழியில்தான் அந்த நினைப்பு வந்தது...

அந்த மென்பொருளுக்கு இரண்டு வாசல். ஒன்று, எங்கிருந்தும் பார்க்கக்கூடிய இணையப் பக்கம். இன்னொன்று, குளிர் அறைக் கணினியில் மட்டும் இருக்கும் பழைய கன்சோல், அதாவது கட்டுப்பாட்டுத் திரை. பாஸ்வேர்டை ஒன்றில் மாற்றினால் மற்றதற்குத் தெரியாது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள் மாதிரி. இரவு நகல் ஓடுவதோ பழைய கன்சோலிலிருந்து.

ஒன்பது நாளைக்கு முன் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "செத்தவர் பேர்லயே இன்னும் கிளஸ்டருக்குள்ள போயிட்டிருக்கோம். ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது? எடுத்துடும்மா."

செத்தவர் என்றால், அண்ணிக்கு முன் அந்த வேலையில் இருந்தவர். எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பார் என்பதால் ரெட்டைப்பூட்டு என்று பட்டப்பெயர். நெற்றியில் எப்போதும் தலைவலித் தைலம். நாலு மாதத்துக்கு முன், அந்தக் குளிர் அறை நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது. அண்ணி கிளஸ்டரிலிருந்து ரெட்டைப்பூட்டின் பெயரை நீக்கினார். தன் பெயரைப் போட்டார். இணையப் பக்கத்தில் மாற்றினார். பச்சை டிக் வந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்.

கன்சோலில்?

மாற்றவில்லை.

இல்லாத ஆளின் பெயரைச் சொன்னால் கிளஸ்டர் கதவைத் திறக்குமா? அப்படியென்றால் ஒன்பது ராத்திரியாக நகலே இல்லை. ஒன்பது நாள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எல்லாம் போச்சு. தினமும், இணையப் பக்கத்துப் பாஸ்வேர்டு சரி என்று மட்டுமே சொல்லும் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாக டீ குடித்திருக்கிறார். தவறு நடந்தால் வரும் எச்சரிக்கை மெயிலோ, இன்னும் செத்தவர் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. யார் படிப்பது?

வண்டியை ஓரம் கட்டினார். கிளம்பினார். மறுபடி நிறுத்தினார். லேபுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்ல விரல் வரவில்லை. எட்டுப் பேர்... எட்டுப் பேர்... என்று வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். அறைக்குள் பதினெட்டு டிகிரி. மின்விசிறிகளின் ஒரே இரைச்சல்... அதற்கு நடுவில் லேசாகத் தலைவலித் தைல வாசனை. அண்ணி அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. கன்சோலைத் திறந்தார்.

ஒன்பது ராத்திரி. ஒன்பது நகல். ஒன்றுகூடக் குறையவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது. ஏன், எப்படி என்று யோசிக்க நேரமில்லை. பத்து நாற்பது நகலை எடுத்து, ஒவ்வொரு கணினியாக எழுப்பி, லேபிலிருந்து "வந்துடுச்சு மேடம்!" என்று குரல் கேட்டபோது மணி ஐந்தேகால். எட்டுப் பேரின் ரிசல்ட்டும் டாக்டர் மேசைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான், யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் பதிவேட்டைத் திறந்தார். திறக்காமலே வந்திருக்கலாம்.

ஒவ்வொரு இரவும் பத்து நாற்பது. நுழைந்தவர் பெயர், அண்ணி நீக்கிவிட்ட அந்தச் செத்தவருடையது. முதல் முயற்சி... பாஸ்வேர்டு தவறு. இரண்டாவது... தவறு. மூன்றாவது, சரி. ஒன்பது இரவும் அப்படியே.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்டை மென்பொருள் கொடுத்தால், ஒன்று எப்போதும் சரி, இல்லை எப்போதும் தவறு. அதற்குக் கை தடுமாறாது. தடுமாறுவது... தட்டுகிற விரல்தான்.

அண்ணி வெளியே வந்தார். "அண்ணே, ராத்திரி பத்து மணிக்கு மேல உள்ள யாராவது வர்றாங்களா?"

"யாரும் வர்றதில்லம்மா" என்றார் வாட்ச்மேன். "டொக்... டொக்...னு கீபோர்டு சத்தம் மட்டும் கேக்கும். மெஷின் தானா அடிச்சுக்குதுன்னு நெனச்சேன். அப்படி இல்லியா?"

அண்ணி திரும்பிப் போய்க் கன்சோலிலும் செத்தவர் பெயரை நீக்கினார். இப்போது இரண்டு இடத்திலும் தன் பெயர், புத்தம் புதிய பாஸ்வேர்டு. யாரிடமும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவில்லை. எச்சரிக்கைகள் எல்லாம் தன் போனுக்கே வரும்படி செய்தார்.

அன்று இரவு வீட்டில். அவர் கணவர், நண்பனின் அண்ணன், ரொட்டி சுடுபவர். விடியற்காலை நாலுக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கே குறட்டை. அண்ணிக்குப் படுக்கை கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், தண்ணீர் குடித்தார்...

பத்து நாற்பது.

டிங். உங்கள் பெயரில் நுழைய முயற்சி. பாஸ்வேர்டு தவறு.

டிங். தவறு.

சேமித்து வைத்தது தவறாகுமா? அவரே போட்டது, இரண்டு தரம் சோதித்தது. மூன்றாவதும் தவறினால் கிளஸ்டர் பூட்டிக்கொள்ளும். இன்றைக்கு நகல் கிடையாது. இன்று காலை தப்பித்த ஆஸ்பத்திரி நாளைக்கும் தப்பிக்குமா? அண்ணி மூன்றாவது டிங்குக்குக் காத்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வரவில்லை. எதிர்முனையில் யாரோ யோசிப்பதுபோல...

குறட்டை நின்றது.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த ஆள்காட்டி விரல் மட்டும் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்... கம்ப்யூட்டரைத் தொட்டே பழக்கமில்லாத மனிதர்.

"புது பாஸ்வேர்டு என்னம்மா?" என்றது அவர் வாய்.

அண்ணிக்கு எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஓடினால் அந்த நகல் போய்விடும். சொன்னார். எழுத்து எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி. ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த விரல் ஒரு தடவை தட்டியது.

டிங். சரி. நகல் தொடங்கியது.

அண்ணன் புரண்டு படுத்தார். குறட்டை மறுபடி ஆரம்பித்தது. அண்ணி விடிய விடிய சுவரோரம் நின்றிருந்தார். மூன்று மணிக்கு எழுந்த அண்ணன் எதுவும் தெரியாதவராகச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

நாலரைக்குக் கடையிலிருந்து போன் வந்தது.

"ஏய், ராத்திரி என் கைக்கு என்னடி ஆச்சு? அரை மணி நேரமா அடுப்புக்கு முன்னாடியே நிக்கறேன். இந்த ஒத்த விரல்ல மட்டும் சூடே ஏற மாட்டேங்குது."