இன்னும் கிளம்பாத மனுஷன்

வந்த சந்தோஷத்தை நாம ஏன் அனுபவிக்க மாட்டேங்கிறோம்னு நான் விளக்கிக்கிட்டே இருந்தா உங்களுக்குத் தூக்கம் வந்துரும். அதனால ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க... இடம் இருக்கு.

அறந்தாங்கிப் பக்கம் தமயந்தின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் குருநாதன், மஸ்கட்டுல ஏசி மெக்கானிக். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அதுவும் எவ்வளவு? ஒரே ஒரு மாசம். இங்கேயே கை தூக்கச் சொன்னா பாதிப் பேரு தூக்குவீங்க... தெரியும் எனக்கு. ஒரே மக, யாழினி. ரெண்டாம் வகுப்பு படிக்குது.

குருநாதன் லீவுல வர்றார். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றாங்க. வழியெல்லாம் அவர் பேசுறார், சிரிக்கிறார். இந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கியிருக்கு. சந்தோஷத்துல அழுவுறான்னு அவர் நினைச்சுக்கிட்டார். இல்லைங்க. இந்தம்மா மனசுல என்ன ஓடுது தெரியுமா? 'இதே ரோட்டுலதானே இவரைத் திரும்பக் கொண்டாந்து விடணும்...'

மனுஷன் இன்னும் வீட்டு வாசலையே மிதிக்கல. இந்தம்மா அதுக்குள்ள வழியனுப்பி முடிச்சாச்சு.

மறுநாளே பருப்புப் பொடி அரைச்சாச்சு. மாங்காயை வெட்டி உப்புல போட்டாச்சு. எல்லாம் எதுக்கு? அவர் போறப்போ கொண்டு போறதுக்கு. அவரோ ரெண்டு வருஷமா நாக்கு செத்துக் கிடக்கிற ஆளு. மார்க்கெட்டுக்குப் போய் நல்ல வஞ்சிரமா பார்த்து வாங்கிட்டு வந்து, குழம்பு வைன்னார். இந்தம்மா மீனைப் பார்த்துட்டுச் சொல்லுது: "இதை ஊறுகாய் போட்டுத் தர்றேங்க. அங்க போய் வெச்சு வெச்சுச் சாப்பிடலாம்."

அவர் கேட்டார்: "அங்க சாப்பிடுறது இருக்கட்டும். இங்க நான் என்ன சாப்பிடுறது?"

சிரிக்கிறீங்க... உங்க வீட்டுல நடக்கலையா இது?

கோயிலுக்குப் போவோம்னு கூப்பிட்டார், இந்தம்மா வரல. சினிமாவுக்குக் கூப்பிட்டார், அதுக்கும் வரல. வீட்டுக்காரர் வந்த களையே முகத்துல இல்லையேன்னு தெருவுல யாராவது கேட்டா, அதான் கிளம்பப் போறாரேன்னு பதில் வரும். கெட்ட மனசு இல்லைங்க. பாசம்... பாசம்தான். போன தடவை அவர் போனப்புறம் அந்த வீடு கிடந்த கிடை அப்படி. சோறு இறங்கல. மறுபடி அந்த வலி வரும்னு தெரியும். இப்பவே பாதி அழுதுட்டா அப்ப பாதிதான் இருக்கும்னு ஒரு நினைப்பு.

இப்படியே லீவுல பாதி ஓடிப் போச்சு. ஒரு நாள் சாயங்காலம் குருநாதன் மகளைக் கூப்பிடுறார், மணமேல்குடி கடலுக்குப் போவோம் வான்னு. புள்ள வரல. அம்மா முதுகுக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிச்சு. அவர் கீழ உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா... அப்பாவைப் பிடிக்கலையா?"

புள்ள சொல்லுச்சு: "பிடிக்கும்ப்பா. ஆனா ரொம்பப் பழகிட்டா நீங்க போறப்போ அழணும்ல... அதான் பழகாம இருக்கேன்."

...

ஏழு வயசுங்க. யாரு சொல்லிக் குடுத்தது இதை? யாரும் வாயைத் திறந்து சொல்லிக் குடுக்கல. அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்தே படிச்சுக்கிச்சு.

அப்ப தமயந்தி ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கிட்டு இருந்தாங்க. கை அப்படியே நின்னு போச்சு. குருநாதன் கோபப்படல. மெதுவாத்தான் சொன்னார்: "தமயந்தி... நான் இன்னும் போகல. இங்கதான் இருக்கேன். என்னைப் பாரு."

பார்த்தாங்க. அவர் வந்து இறங்கினதுல இருந்து அன்னைக்குத்தான் பார்த்தாங்கன்னு வெச்சுக்கோங்களேன். காதோரம் நரைச்சிருக்கு. முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு. போன லீவுல அது இல்லை. என்னங்க இதுன்னு கேட்டாங்க. வேலையில பைப் சுட்டுருச்சுன்னார். தொட்டுப் பார்த்தாங்க. எப்ப போவார், எப்ப போவார்னு நினைச்சதுல, எப்படி வந்திருக்கார்னு கவனிக்காம விட்டுட்டாங்க.

எழுந்து கையைக் கழுவினாங்க. மகளை மடியில இழுத்து வெச்சுச் சொன்னாங்க: "அப்பா போற அன்னைக்கு அழுவோம்டி. ரெண்டு பேரும் சேர்ந்தே அழுவோம். இப்ப வா... கடலுக்குப் போவோம்."

மூணு பேரும் பஸ் ஏறிப் போனாங்க. அந்தக் கடல்ல பெரிய அலை இருக்காது. முட்டளவு தண்ணியில நடந்துக்கிட்டே போகலாம். மகளைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு நடந்த குருநாதன், கால் வழுக்கித் தொப்புன்னு உட்கார்ந்துட்டார். மூணு பேரும் நனைஞ்சு... அந்தம்மா அப்படிச் சிரிச்சதை மக அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. மிச்சம் இருந்த நாளெல்லாம் அந்த வீடு வீடா இருந்துச்சு.

லீவு முடிஞ்சது. முடியத்தானே செய்யும்? அவர் போனார். ஏர்போர்ட்டுல அம்மாவும் மகளும் அழுதாங்க. நல்லா அழுதாங்க. ஆனா அன்னைக்குத்தான் அழுதாங்க. திரும்பி வர்றப்போ கார்ல புள்ள கேட்டுச்சு: "அப்பா தண்ணியில விழுந்தாங்கல்லம்மா?" ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. கண்ணுல தண்ணியோட சிரிச்சுக்கிட்டே ஊர் வந்து சேர்ந்தாங்க.

அம்மாமார்களே, ஐயாமார்களே... இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மகளுக்கு நல்ல இடம் அமைஞ்சா, கண்ணு பட்டுருமோன்னு ஒரு பயம். உடம்புல ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னா, நோவு மறுபடி வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். சந்தோஷம் உள்ள வந்து உட்காரவே இல்லை, நாம கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அது எப்ப போகும்னு பார்த்துட்டு நிக்கிறோம். போகாதுன்னு சத்தியம் பண்ண நான் இங்க வரல. போகும். ஆனா நீங்க பயந்ததால எந்தச் சந்தோஷமாவது ஒரு நாள் கூடுதலா தங்கியிருக்கா? சொல்லுங்க... தங்கியிருக்கா?

அழ வேண்டிய அன்னைக்கு அழ நமக்குத் தெரியும். அதுக்கு ஒத்திகை வேண்டாம். இப்ப வீட்டுக்குப் போங்க. உங்களுக்குக் கதவு திறக்கிறவங்க முகத்தை ஒரு தடவை நல்லாப் பாருங்க. இருக்காங்கல்ல? இருக்காங்க.

அப்ப தைரியமா சந்தோஷப்படுங்க.