கடலுக்குள் போன சீதனம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர் திடுக்கிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நான் சீதனமாக் குடுத்த தென்னந்தோப்பு இப்ப கடலுக்குள்ளயா இருக்குது?"

"ஆமாங்க மாமா. ஆபீஸ்ல பழைய வரைபடத்தோட புது சாட்டிலைட் படத்த ஒப்பிட்டுப் பார்த்தமுங்க. கடல் ஊருக்குள்ள ஏறிருச்சு. தோப்பு இருந்த எடத்துல தண்ணிதான் தெரியுது."

"நேர்ல ஒருக்காப் பார்க்காம கல்யாணப் பந்தல்ல மைக்கப் புடிச்சுப் பீத்துனனே சாமி! உங்கப்பாருக்குத் தெரியுமுங்களா?"

"போன வருசமே தெரியுமுங்க. சம்பந்தி மனசு நோகும், சொல்லாதேன்னுட்டாரு."

பெரியவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றதும் எழுந்தார்.

"நீங்க ஊட்டுக்குப் போங்க. அவரு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மருமகன் பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கிவிட்டார்.