தலைப்பும் கடைசிப் பாராவும்

…அதான் சார் கேக்குறேன், எவனோ வாட்சப்புல அனுப்புனான்னு மாத்திரைய நிறுத்துவாரா ஒரு மனுஷன்? இதயக் குழாயில ஸ்டெண்ட் வெச்சு அஞ்சு மாசம்தான் ஆகுது! ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரை சார் அது. பதினோரு நாளா முழுங்கல. இன்னைக்குக் காலையில காய்கறிப் பையோட வாசல்ல சரிஞ்சுட்டாரு, நான்தான் ஆட்டோல போட்டு இங்க கொண்டாந்தேன்.

இந்த வடக்கத்தி ஆஸ்பத்திரில நீங்க போன்ல தமிழ் பேசுனீங்களா, அதான் பக்கத்துல வந்து உக்காந்துட்டேன். தப்பா நெனைக்காதீங்க. நான் ஜோதிலிங்கம், கிட்வாய் நகர். உள்ள படுத்திருக்கிறது மதியழகன், எதிர் வீடு. ஆபீஸும் ஒண்ணுதான், இருபத்திரெண்டு வருஷமா… இந்தா, செக்யூரிட்டி வந்துட்டான். "அச்சா பையா, அச்சா!" ஸ்ட்ரெச்சர் போகணுமாம், கால மடக்கணுமாம். நீங்க உக்காருங்க சார்.

எங்க விட்டேன்… ஆங், வாட்சப்பு. ஒண்ணு சொல்லணும். எங்க காலனி குரூப்புல இதயத்தப் பத்தி எந்த ஆராய்ச்சி வந்தாலும் போடுறது நான்தான். 'டாக்டர் ஜோதிலிங்கம்'னு கூப்புடுவாங்க. அது கிண்டல்னு புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு! எம் பொண்ணு பிரியதர்ஷினி, "அப்பா, முழுசாப் படிச்சுட்டு அனுப்புங்க"ம்பா. முழுசாவா? முப்பத்தஞ்சு வருஷம் மினிஸ்ட்ரில ஃபைல் பாத்தவன் சார் நானு. மேல சப்ஜெக்ட், கீழ கடைசிப் பாரா, கையெழுத்து. நடுவுல இருக்கிறத எவன் படிச்சான்? அப்படியே அண்டர் செக்ரட்டரி வரைக்கும் வந்தாச்சு!

அப்ப வந்த ஒரு ஆராய்ச்சியையும் அப்படித்தான் பாத்தேன். தலைப்பு, உடம்புக்குள்ளயே கரையுற புதுவகை ஸ்டெண்ட். கடைசிப் பாரா, கரைஞ்சதுக்கப்புறம் மாத்திரை தேவைப்படாம போகலாம். எனக்கு சந்தோஷம் தாங்கல. பல்லு தேச்சாலே ரத்தம் வருதுன்னு மதி பொலம்பிட்டே இருப்பாரு, பாவம். குரூப்புல போட்டேன், அவருக்குத் தனியா போட்டேன், போதாதுன்னு நேர்லயும் போயி, "நிறுத்திப் பாரும்யா, ஆராய்ச்சியே சொல்லுது"ன்னேன்.

ஆமா சார். அந்த எவனோ நான்தான்.

நடுவுல இருக்கிறத இப்ப இங்க உக்காந்துதான் படிச்சேன். அது பன்னிக்கு வெச்ச ஸ்டெண்ட் சார்! மனுஷனுக்கு இன்னும் வெக்கவே ஆரம்பிக்கல. மதிக்கு வெச்சது சாதாரண மெட்டல், அது எந்தக் காலத்துலயும் கரையாது.

வந்ததும் டாக்டர் கேட்டாரு, "கிஸ்னே போலா பந்த் கர்னே கோ?" யாரு நிறுத்தச் சொன்னதுன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். மதி என்னைய ஒரு தடவ பாத்தாரு. மூச்சு வாங்குது… "நானாத்தான் நிறுத்துனேன்"னுட்டாரு. நான் வாயத் தொறக்கல சார். ஊருக்கே ஆராய்ச்சி சொல்ற வாயி!

அவரு சம்சாரம் இந்திராணி வேற எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. "அண்ணே, நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்!" நான் இல்லன்னா ஒண்ணுமே ஆயிருக்காது சார்.

என்ன, கெளம்பிட்டீங்க? டீயா? கொஞ்சம் இருங்களேன்… அந்தா, மருந்து வாங்கிட்டு அந்தம்மாவே வருது. உண்மையச் சொல்றப்ப பக்கத்துல ஒரு ஆளு இருந்தா… சரி. போயிட்டு வாங்க சார்.

இந்திராணி… இல்லம்மா, பயப்படாத, உள்ள பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீ உக்காரு. நான் நிக்கிறேன். டாக்டர்கிட்ட மதி ஒரு பொய் சொல்லிட்டாரும்மா.