தம்பியின் சக்கரம்

— அப்ப உன் மிஷினும் என்னைச் சோம்பேறின்னு சொல்லிடுச்சு. இல்லையாக்கா?

— மிஷின் அப்படியெல்லாம் பேசாதுடா தம்பி. உன் தொடையில எடுத்த சதையில கோளாறு தெரியலைங்குது. அவ்வளவுதான்.

— ரெண்டும் ஒண்ணுதான். நோய்னா, கிடங்கு மேனேஜர் உக்காந்து பாக்குற வேலை தர்றேன்னார். இல்லேன்னா வாசலைக் காட்டிடுவார்.

— உண்மையைச் சொல்லு. அவ்வளவு அசதியா?

— போன வாரம் படியேறும்போதே தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா அதே படியில நிக்கிறேன். தாடி மட்டும் வளர்ந்திருக்கு.

— புளுகாத.

— சரி, தாடி பொய். படி நிஜம்.

— இந்தப் படத்தைப் பாரு. தின்ன சோத்தைத் தெம்பா மாத்துறது இதுதான். புரதமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, ஒரு சக்கரமாவே சுத்தும். உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இது நிறைய இருக்கு.

— என்னோடது சுத்தாது. சாஞ்சு உக்காந்து கொட்டாவி விடும்.

— அதைத்தான் தேடினேன். சக்கரத்தை ஒட்டி ஒரு துண்டு இருக்கு. அது கோணலா இருந்தா சக்கரம் திணறும். உன்னோடதையும், நல்லா இருக்கற ஒரு ஆளோடதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அச்சு அசல் ஒரே மாதிரி.

— அப்பாகிட்டேருந்து வந்ததோ என்னவோ. படுத்தா எந்திரிக்க மாட்டாரே.

— அந்தத் துண்டு அப்பா வழியில வராது. அம்மாகிட்டேருந்து மட்டும்தான் பிள்ளைங்களுக்கு வரும்.

— அந்த மனுஷன் எதைத்தான் தந்தாரு! அது கிடக்கட்டும், நீ ஏன் ஒரே ஒரு மாடிக்கு லிஃப்ட்ல வந்தே?

— வேலைடா. உக்காந்தா நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியலை. விடிஞ்சு எழுந்தாலே அலுப்பா இருக்கு.

— படிச்சவ அசந்தா அது உழைப்பு. மூட்டை தூக்கறவன் அசந்தா சோம்பேறித்தனம்.

— குத்திக் காட்டாத. உனக்காகத்தான் இவ்வளவு பாடும்.

— கோவிச்சுக்காத. அந்த நல்லா இருக்கற ஆளு யாரு? மலையேறுறவனா?

— ஆளா! ஊசின்னதும் அத்தனை பேரும் ஓடிட்டாங்க. வேற வழியில்லாம என் தொடையிலேயே எடுக்கச் சொல்லிட்டேன்.

— உன்னோடதா?

— ஆமா. எனக்கென்ன கேடு, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்.

— அக்கா.

— என்னடா?

— நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானே?