பிரேக் பெடலின் தகடு

வரைபடம் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரி மாணவர்கள் வந்த அன்று, அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். பகையோடு கொடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வது சரியாகாது, ஐயா.

மாணவர் கார்ப் பந்தயத்தில் ஓர் அணியின் வடிவமைப்பை இன்னோர் அணி விலையின்றிக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம் என்ற விதி இந்த ஆண்டுதான் வந்தது. ராஜபாளையம் அணியின் காரை வடிவமைத்தவன் என்ற முறையில் நான் அதை எதிர்த்தேன். சிந்திக்காமல் பெற்றவனுக்குத் தான் ஓட்டுவது இன்னதென்று தெரியாது என்பது என் வாதம். எங்கள் பேராசிரியர் ஆவுடையப்பன் சிரித்தார்.

"ஏலே, கோலம் வாசல்லதான கெடக்கு. பாத்துப் போடுதவ போட்டுட்டுப் போறா. குடுத்து விடு."

கொடுத்தேன், ஒரு கோடுகூடக் குறையாமல் கொடுத்தேன். அதன்பிறகே, எங்கள் சோதனை ஓட்டத்தில் பிரேக் பெடலைத் தாங்கும் தகட்டில் விரிசல் கண்டது. தடித்த தகடாக மாற்றிப் பற்றவைத்தோம். வரைபடத்தைத் தரச் சொன்ன விதி, விரிசலைச் சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள், ஆலங்குளம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் சமதரையில் இரண்டு அணிகளும் ஓட்டிப் பார்த்தோம். அவர்கள் காரில் வெங்கடேஸ்வரி என்ற பெண் அமர்ந்திருந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மிதிச்சா பெடல் லேசா ஆடுது. ஒங்க வண்டியிலயும் இப்படித்தானா?"

"அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டப் பழகிரும்."

"சரி. நாளைக்கு ஒங்க வண்டியவே வச்சு ஒங்கள முந்திட்டா அழக்கூடாது, பாத்துக்கோங்க."

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

தரையின் கோடியில் பாறைக்குவியல் இருந்தது. அவள் கார் வேகம் குறையாமலே அதை அடைந்தது. பிறகு சிதறலிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் காரில் விரிசல் தொடங்கிய அதே இடத்தில் முறிந்திருந்தது. என் கணிப்பில் பிழையில்லை.

இப்போது போட்டியை நடத்துபவர்கள் அந்த விதியை மறுபரிசீலனை செய்கிறார்களாம். என் வாதத்தை அன்றே ஏற்றிருந்தால் அந்தப் பெண் உயிரோடு இருந்திருப்பாள். அவர்களது பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவள் கேட்டபோதே இறங்கச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். முறியும் என்று எனக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் சொல்லியிருந்தால், ஐயா, என் உழைப்பில் இன்னொன்றையும் அவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.